சந்திப்பிடம் எண் ஒன்று

பொழுதுபோக்குப் பூங்காவினுள் நண்பர்கள் சந்தித்துக்கொள்ள ஏற்ற இடம் எது என்னும் கேள்வி எளிதாகத் தோன்றும், ஆனால் எளிதன்று. நுழைவாயிலில் நிற்கலாமே என்பவர் அங்கே நின்று பார்த்தவர் அல்லர். அங்கே எள் போட்டால் எள் விழாது. பெரிய ராட்டினத்தின் அடியில் நிற்கலாம் என்றால், அங்கு வருவோர் அனைவரும் அண்ணாந்து பார்ப்பார்களேயன்றி எதிரில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. நீர்ச்சறுக்கின் ஓரமோ இன்னும் மோசம். நனைந்த மனிதர்கள் எல்லாரும் ஒரே சாயலில் இருப்பார்கள். உணவகத்தில் சந்தித்தால், முதலில் வந்தவர் பசி தாளாமல் உண்டு முடித்திருப்பார். பின்னால் வந்தவருக்குக் கோபம் வரும். நட்பு இலையோடு போய்விடும்.

இவ்வளவையும் நுட்பமாக ஆராய்ந்து அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் அறிஞரும் அல்லர், அதிகாரியும் அல்லர், தையற்காரர். நண்பர்கள் அவரை ஊசி என்று அழைத்தனர்.

இவ்வறிவு அப்பூங்காவில் உயிர்நாடியானது. ஏனெனில், அங்கு நுழையும்போதே கைப்பேசிகளை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை ராட்டினத்தின் உச்சியிலிருந்து நழுவிய கைப்பேசி, பூங்காவின் இயக்குநர் ஒருவரின் தலையில் விழுந்தது. அன்று பிறந்தது அவ்விதி. அதற்கு முன்னர்ப் பார்வையாளர் தலைகளில் விழுந்த ஒன்பதும் விதியைப் பிறப்பிக்கும் வலிமை பெற்றிருக்கவில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், பூங்கா கட்டப்பட்டபோது, குடைராட்டினத்தின் முப்பத்தாறு மரக்குதிரைகளுக்கு வண்ணம் பூச மூன்று இளைஞர்கள் அமர்த்தப்பட்டனர். நெட்டையாக இருந்தவன் ஒட்டகம். அவன் காதுகளுக்கு வண்ணம் பூசினான். ஓயாமல் பேசியவன் மைனா. அவனுக்குக் கண்கள் ஒதுக்கப்பட்டன. பேச்சின் ஊடே பூசியதால் ஐந்து குதிரைகள் இன்றளவும் ஒன்றரைக்கண்ணோடு சுற்றி வருகின்றன. சேணங்களைப் பூசியவன் ஊசி. வேலை முடிந்தபின் மூவரும் ஆளுக்கொரு திசையாகப் போயினர். ஆயினும் பூங்கா திறக்கப்பட்ட அதே நாளில், ஆண்டுதோறும் அங்கேயே கூடுவது என்று பேசி வைத்திருந்தனர். ஓராண்டும் தவறியதில்லை.

கூடும் இடத்தைக் கண்டுபிடித்தவர் தையற்காரர்தாம். குடைராட்டினத்தின் பின்புறம், இயந்திர அறையின் கதவுக்குக் கீழே, இரண்டு படிகள் இருந்தன. அவற்றில் மூவர் சரியாக உட்காரலாம், நான்காமவருக்கு இடமில்லை. இரு பக்கப் பாதைகளிலிருந்தும் வருபவரைக் காணலாம். மாலை நான்கு வரை நிழல் உண்டு. இயந்திரத்தின் உறுமல், பேசும் இரகசியங்களை விழுங்கிவிடும். அப்படிகளில் அமர்ந்து அவர் ஏனைய இடங்களின் குணதோஷங்களை எடுத்துரைப்பார். ஒட்டகம் கொட்டாவி விடுவான். மைனாவோ வயிறு குலுங்கச் சிரிப்பான். சிரித்த கையோடு கழிப்பறைக்கு ஓடுவான். பதினோராண்டுகளுக்கு முன் அவன் பூங்கா அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தான். அந்த ஓட்டமும் அதற்குப் பின்னர்த் தொடங்கியதே. அவனுக்குச் சிறுநீரகக் கோளாறோ என்று தையற்காரர் உள்ளூரக் கவலைப்பட்டதுண்டு.

இவ்வாண்டுச் சந்திப்பு முன்னவற்றைப் போன்றதன்று. குளிர்பதன லாரி ஓட்டும் ஒட்டகத்துக்குக் கடல் கடந்த ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவன் இரவுப் பேருந்தில் தன் ஊரிலிருந்து காலையில் வந்து இறங்கி, மாலை ஐந்து மணிக்குப் பூங்கா வாயிலிலிருந்தே விமான நிலையப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அங்கே கடுங்குளிர் என்று கேள்விப்பட்ட தையற்காரர் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தைத்து எடுத்துவந்தார். ஒட்டகத்தின் கைக்கு எந்தக் கடையின் கோட்டும் போதாது. மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றுவிடும். எனவே கோட்டைக் கொடுப்பதும், முகம் பார்த்து வழியனுப்புவதும் அன்று ஐந்து மணிக்குள் நடந்தாக வேண்டும்.

பத்தேகாலுக்கு அவர் குடைராட்டினத்தின் பின்புறம் சென்றார். படிகளைச் சுற்றிப் பித்தளைக் கம்பி வேலி போடப்பட்டிருந்தது. அதில் ஒரு பலகை தொங்கிற்று: ‘அங்கீகரிக்கப்பட்ட சந்திப்பிடம் எண் 1. மேன்மை வகை. அனுமதியின்றிச் சந்திப்பது தண்டனைக்குரியது. சந்திப்பு ஒழுங்காற்றுத் துறை.’

தையற்காரர் பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு, நல்ல குடிமகனைப் போல, வரிசை எங்கே இருக்கிறது என்று தேடினார்.

கவுன்டரில் இருந்த பெண் மிகுந்த பணிவோடு கேட்டாள். “யாரை சந்திக்கப் போறீங்க சார்?”

“என் ஃபிரண்டை.”

“ஃபிரண்டுன்னா எந்த வகை? நெருக்கமா, நடுத்தரமா, சும்மாவா?”

“பதினெட்டு வருசப் பழக்கம்மா.”

“அது சீனியாரிட்டி சார். நான் வகை கேட்டேன்.”

“நெருக்கம்னே போட்டுக்குங்க.”

“நெருக்கம்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடணும்.”

தையற்காரர் சற்று யோசித்தார். “சேர்ந்து வந்துட்டா அப்புறம் சந்திக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?”

“இதையேதான் சார் காலைலேர்ந்து எல்லாரும் கேக்குறாங்க. கேக்குறதுக்குன்னு தனி கவுன்டர் போட்டிருக்கோம். இப்போ சாப்பாட்டு நேரம்.”

“மணி பத்தரைதானே ஆகுது?”

“முதல் நாள் சார். பழகிக்கிறாங்க.”

அவருடைய முகவாட்டத்தைக் கண்டு இரங்கிய அப்பெண், விதியில் வழியுண்டு என்று விளக்கினாள். நிரந்தரச் சந்திப்புக்கு விண்ணப்பிக்கும்பொருட்டு இருவர் முதலில் சந்தித்துக்கொள்ள வேண்டுமாயின், அதற்கெனத் தற்காலிகச் சந்திப்பிடம் ஒதுக்கப்படும். அங்கே சந்தித்துவிட்டு இருவரும் கவுன்டருக்கு வந்தால், சந்திப்பதற்கு அனுமதி வழங்கப்படும். தையற்காரருக்கு எண் பதினான்கு ஒதுக்கப்பட்டது.

“நான் பதினாலுல இருக்கேன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவர் வந்து கேட்டா சொல்லுவோம் சார்.”

“கேக்கலேன்னா?”

“கேக்காதவரு எப்படி சார் நெருக்கம் ஆவாரு?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். தையற்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தார்.

எண் பதினான்கு, செயற்கை அருவியின் பின்னால் இருந்தது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு படகு பாய்ந்திறங்கும். ஒரு பெரிய அலை எழுந்து, நிற்பவரை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை குளிப்பாட்டிவிட்டுத் திரும்பும். இவ்விடத்தைத் தையற்காரர் நன்கறிவார். பூங்காவிலேயே சந்திப்பதற்குத் தகுதியற்ற இடம் இதுவே என்று படிகளில் அமர்ந்து அவரே பலமுறை கூறியிருக்கிறார். கோட்டுப் பையை மார்போடு அணைத்து, அலைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அங்கே அவருக்கு முன்பே ஒரு பெண் நனைந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். தன் தங்கைக்காகக் காத்திருந்தாள்.

“எவ்வளவு நேரமாம்மா நிக்கிறீங்க?”

“பதினஞ்சு அலை ஆச்சுண்ணா.”

“தங்கச்சி வரலியா?”

“அவ பதினொண்ணுல நிக்கிறா. அதோ, அந்த மஞ்சள் சுடிதார். இங்கேர்ந்து தெரியுது, ஆனா போகக் கூடாதாம். அவ என்னை ‘உறவு’ன்னு எழுதிட்டா. நான் அவளை ‘நெருக்கம்’னு எழுதிட்டேன். ரெண்டும் ஒத்துப் போகலையாம்.”

“உறவு நெருக்கமா இருக்கக் கூடாதா?”

“கேட்டேன். அப்படி ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லையாம்.”

இருவரும் சிரித்தனர். அந்நேரம் பார்த்துக் காவலர் ஒருவர் குடைபிடித்தவாறு வந்தார். மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்.

“இது என்னங்க?” என்றார் தையற்காரர்.

“எச்சரிக்கைச் சீட்டு. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சிருக்கீங்க. அது சந்திப்பு. பதிவு இல்லாத சந்திப்பு.”

“சும்மா பக்கத்துல நின்னோம்.”

“எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். இதை ரத்து பண்ணணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஆபீசுக்கு வரணும். ஆனா சேர்ந்து நடக்கக் கூடாது. நடந்தா அது ரெண்டாவது சந்திப்பு.” அவர் குரலைத் தாழ்த்தி, “எனக்கே புரியலைங்க. காலைல சொல்லிக் கொடுத்ததைச் சொல்றேன். என் சம்சாரம் இங்கதான் டிக்கெட் கிழிக்கிறா. இன்னும் அவளைப் பாக்கலை,” என்று கூறிவிட்டுக் குடையோடு அகன்றார்.

நண்பகலில் காத்திருப்போர் யாவரும் ‘அடையாள அசைவுப் பயிற்சி’க்கு அழைக்கப்பட்டனர். நெடுந்தொலைவிலிருந்து நண்பரைக் கண்டதும் கையசைப்பது எவ்வாறு என்று அங்கே கற்பிக்கப்பட்டது. முழங்கை காதுக்கு மேல் எழலாகாது. விரல்கள் ஐந்தும் தெரிய வேண்டும். அசைவுகள் மூன்றுக்குக் குறையாமலும் ஐந்துக்கு மிகாமலும் அமைய வேண்டும். தையற்காரர் இருமுறை முயன்றும் தேறவில்லை.

“உங்க கை சந்தேகமா ஆடுது சார்,” என்றார் பயிற்சியாளர். “எதிர்ல வர்றவரு உண்மையிலேயே வருவாருன்னு நினைச்சு ஆட்டணும்.”

“வருவான் சார். பதினெட்டு வருசமா வந்திருக்கான்.”

“அந்த நம்பிக்கை கையில தெரியலியே.”

தையற்காரர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையில் நம்பிக்கையைத் தேடுவது கடினமாகவே இருந்தது. பயிற்சிக் கூடத்தின் கடிகாரத்தில் மணி இரண்டு.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி முழங்கிற்று. துறையின் தொடக்க விழா குடைராட்டினத்தின் முன்னுள்ள புல்வெளியில் நடைபெறுமென்றும், காத்திருப்போர் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டுமென்றும், கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டாலும் காணாதவாறு இருக்க வேண்டுமென்றும் அறிவித்தது. மேடையில் ஏறி மாலையை வாங்கிக்கொண்ட துணை இயக்குநரைக் கண்டதும் தையற்காரரின் மனம் குளிர்ந்தது. அவர் வேறு யாருமல்லர், மைனா. ‘நம்ம பய ஒருத்தன் மேல இருக்கான். இனிமே கவலை இல்லே’ என்று எண்ணி, பயிற்சியில் கற்றதையும் மறந்து, கை முழுவதையும் தூக்கி ஆட்டினார். மைனா பார்த்தான். பார்த்துவிட்டு, ஒலிவாங்கியைச் சரிசெய்தான்.

“நண்பர்களே! இந்தச் சொல்லைத் துறையின் அனுமதியோடு பயன்படுத்துகிறேன். நேற்றுவரை இந்தப் பூங்காவில் மக்கள் கண்ட கண்ட இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். யார், யாரை, எத்தனை நிமிடம் கண்டு மகிழ்ந்தார் என்பதற்கு ஒரு பதிவேடு உண்டா? இல்லை. அந்த மகிழ்ச்சியெல்லாம் வீண். இன்று ஒரு நாளில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சந்திக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தவறான இடத்தில் சந்திக்கவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். சரியான இடத்தில் சந்தித்தவர்களின் எண்ணிக்கை, ஒருவராவது சந்தித்ததும் வெளியிடப்படும்.”

கைதட்டல் எழுந்தது. ஊழியர்கள் தட்டினர்.

“இதோ, ‘நண்பர்களைச் சந்திக்க நல்ல இடங்கள்: ஓர் ஆய்வு’ என்னும் என் நூல். பதினோராண்டுக் கள உழைப்பு. நுழைவாயிலில் எள் போட்டால் எள் விழாது. ராட்டினத்தடியில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நனைந்தவர்கள் ஒரே சாயலில் இருக்கிறார்கள். இவையெல்லாம் என் கண்டுபிடிப்புகள். ஆய்வுக்குத் தகவல் தந்தவர் ஓர் எளிய மனிதர். தாம் தகவல் தருகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதுதான் இந்த ஆய்வின் தூய்மை. அவர் பேசுவார், நான் சிரிப்பேன், உடனே கழிப்பறைக்குச் சென்று எழுதிக்கொள்வேன். இந்த வேலைக்காக நான் எத்தனை முறை போலியாகச் சிரித்திருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள்! அவருடைய பெயரை வெளியிடவில்லை. பாராட்டு மனிதனைக் கெடுத்துவிடும். அதனால் அந்தச் சுமையை நானே ஏற்றுக்கொண்டேன்.”

பின்னர்த் திரை விலக்கப்பட்டு, ஆளுயர நிழற்படம் ஒன்று காட்டப்பட்டது. ‘முதல் சந்திப்பு, எண் 1, காலை மணி 10’ என்று அதன்கீழ் எழுதியிருந்தது. அந்த இரு படிகளில் மைனாவும் ஒட்டகமும் தோளில் கை போட்டு அமர்ந்திருந்தனர். மூன்றாமவர் உட்காரும் இடத்தில் ஒரு பூந்தொட்டி வைக்கப்பட்டிருந்தது.

தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்பார்கள். தையற்காரருக்கு எந்தக் கை குத்தியது என்பதிலேயே குழப்பம் உண்டாயிற்று. மேடையருகே இருந்த வேலியைத் தாண்டினார், காலையில் குடையோடு வந்த காவலர் தடுக்கவில்லை, அதிகாரிகள் ஓய்வறைக்குச் செல்லும் வழியைக்கூட அவரே காட்டினார்.

அறை குளிரூட்டப்பட்டிருந்தது. சாய்வு நாற்காலியில் ஒட்டகம் நீட்டிப் படுத்திருந்தான். சற்றைக்கெல்லாம் மாலையோடு மைனாவும் உள்ளே வந்தான்.

“வாடா ஊசி. எங்கடா போயிட்டே? காலைலேர்ந்து தேடறோம்,” என்றான் மைனா.

“எங்க தேடினே?”

“தேடச் சொல்லி உத்தரவு போட்டிருக்கேன்டா. உத்தரவு கீழ இறங்க நேரமாகும்ல.”

“பதினாலுல நின்னேன்.”

“பதினாலு நல்ல இடமாச்சே. குளுகுளுன்னு இருக்கும்னு நீயே சொல்லியிருக்கே.”

“குளுகுளுன்னு இருக்கும், அதனால அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னேன்.”

“ஆமா, அந்தப் பாதியை அச்சுல எடுத்துட்டாங்க. வரி நீளமா இருந்துச்சு.” மைனா மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “கோவிச்சுக்காதேடா. நீ சொன்னதெல்லாம் காத்தோட போயிருக்கும். நான் அதுக்கு அட்டை போட்டேன். உன்னை வாழ வச்சிருக்கேன்.”

அவனிடம் கேட்கத் தையற்காரருக்கு ஏதுமில்லை. ஒட்டகத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் வெளிய நிக்கிறது உனக்குத் தெரியுமா?”

ஒட்டகம் எழுந்து உட்கார்ந்தான். பார்வை தரையில் இருந்தது. “நான் கேட்டேன்டா. மூணு பேரு உக்காந்தா அது கூட்டம், சந்திப்பு இல்லேன்னான். ஒரு போட்டோதான், அஞ்சு நிமிசம்னான். அப்புறம் சாப்பாடு வந்துச்சு. ராத்திரியெல்லாம் பஸ்ஸுல வந்தேனா, கண்ணைச் சொக்கிருச்சு.”

“தெரியுமான்னு கேட்டேன்.”

“தெரியும்.”

“அஞ்சு நிமிசம் எழுந்து வந்திருக்கலாமே.”

“வந்திருக்கலாம்,” என்றான் ஒட்டகம். பிறகு, ஆறுதல் கூறுபவனைப் போல, “ஆனா நீ எப்படியும் நிப்பேன்னு தெரியும்டா. நீ நிக்காமப் போற ஆள் இல்லே,” என்றான்.

நூலில் தம் வாய்மொழியைக் கேட்டபோதும், படத்தில் பூந்தொட்டியைக் கண்டபோதும் தையற்காரருக்குக் கோபம்தான் வந்திருந்தது. இதைக் கேட்டதும் அதுவும் வடிந்து, உள்ளே ஏதும் இல்லாமற்போயிற்று. பையிலிருந்து கோட்டை எடுத்தார். ஓரங்கள் ஈரமாயிருந்தன. ஒட்டகம் அணிந்து பார்த்தான். கைநீளம் மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. இன்னொருவனுக்கு அது பயன்படாது. ஆதலால் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

“அளவே எடுக்காம எப்படிடா இவ்வளவு கரெக்டா தைக்கிறே?” என்றான் ஒட்டகம், கண் கலங்கி.

“பாத்துப் பாத்துப் பழக்கம்.”

மணி நாலே முக்கால். ஒட்டகம் பெட்டியைத் தூக்கினான். “அடுத்த வருசம் இதே நாள் லீவுல வருவேன்டா. சத்தியமா. இந்த நம்பர், வேலி, எதுவும் வேணாம். வேற எங்கயாச்சும் சந்திப்போம். நல்ல இடம் உனக்குத்தானே தெரியும், சொல்லு.”

மைனா சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, வானத்தைப் பார்த்தான்.

தையற்காரர் அவன் முதுகைப் பார்த்தார். பின்னர், படிகளில் அமர்ந்து பேசும் அதே குரலில் கூறலானார். “பேய் வீடு இருக்குல்ல, அதுக்குப் பின்னால நீலக் கதவு ஒண்ணு வரும். பூட்டியிருக்கிற மாதிரி தெரியும், தள்ளினா திறக்கும். எட்டடி உள்ள போனா ஒரு பெரிய மரம். மரத்தைச் சுத்தி வட்டமா ஒரு பெஞ்சு. காலைல நிழல் இந்தப் பக்கம் விழும், சாயங்காலம் அந்தப் பக்கம். நாம நகந்து நகந்து உக்காந்துக்கலாம். உள்ள கத்துறவங்க சத்தம் லேசாக் கேக்கும். ஆனா ஒரு ஆளும் அங்க வர மாட்டான். எத்தனை பேரு வேணாலும் உக்காரலாம்.”

“இத்தனை வருசமா இதை ஏண்டா சொல்லலே?” என்றான் ஒட்டகம், வியந்து.

“இப்பத்தான் தோணுச்சு.”

“ஒரு நிமிசம்டா, வந்துர்றேன்,” என்று கூறிவிட்டு மைனா கழிப்பறைக்கு விரைந்தான்.

பேய் வீட்டின் பின்னால் நீலக் கதவு ஏதும் இல்லை. மரமும் இல்லை. அங்கே இருப்பது மதிற்சுவர், அதற்கப்பால் நெடுஞ்சாலை. தம் வாழ்நாளில் ஓர் இடத்தைப் பற்றித் தையற்காரர் கூறிய முதற்பொய் அதுவே.

அடுத்த ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அவ்விடத்துக்கு இருபத்திரண்டு என்னும் எண்ணும் ‘அதிமேன்மை’ என்னும் வகையும் வழங்கப்பட்டன. அட்டையில் அம்மரத்தின் ஓவியம் இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தபின், இடத்தைக் கண்டுபிடிக்கும்பொருட்டு ஒரு குழுவும், குழுவைக் கண்காணிக்க மற்றொரு குழுவும் அமைக்கப்பட்டன. அந்நாளில் விடுப்பில் வந்த ஒட்டகம், கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு காலை முதல் மதிலோரமாக நடந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து மைனா பன்னிரண்டு ஊழியர்களோடு சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவந்தான். இருவரும் ஒன்பது முறை எதிர்ப்பட்டனர், ஒவ்வொரு முறையும், “கண்டுபிடிச்சியா?” என்று கேட்டுக்கொண்டு கடந்து சென்றனர்.

தையற்காரர் அன்று வழக்கம்போல் தம் கடையில் இருந்தார். கடையின் முகவரியை இருவரும் அறிவர். அங்கே அவர்கள் தேடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சந்திப்பிடங்களின் பட்டியலில் அது இல்லை.